உணவுக்குழாய் அறுவைக்குப் பிறகு ஹெர்னியா: தையலா, மெஷ்ஷா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை செய்யும்போது, நீக்கிய உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி, உதரவிதானத்தில் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உள்ள துளை வழியே மார்புக்குள் கொண்டுபோகிறார்கள். துளை அகன்றே இருந்தால் பிற்பாடு பெருங்குடல் அதன் வழியே மார்புக்குள் ஏறிவிடலாம். இதுதான் இங்கே ஹெர்னியா. திறந்து செய்யும் அறுவையைவிட ரோபோ அறுவையில் உள்ளே ஒட்டல்கள் (உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) குறைவு. பொதுவாக அது நல்லதுதான். இங்கே மட்டும் குடல் நழுவ வழிவிடுகிறது. சரி, துளையை எப்படிக் குறுக்குவது? தையல் போட்டா, மெஷ் என்னும் வலைத்துண்டை வைத்தா?

செலவு: தையலுக்கு நூல் போதும். மெஷ்ஷுக்குத் தனி விலை. கரையும் வகை இன்னும் அதிகம்.

உறுதி: மெலிந்த தசையைத் தையல் அறுத்துவிடும். மெஷ் இழுவையைப் பரப்பித் தாங்கும்.

ஆபத்து: தையலை மிகவும் இறுக்கினால் இரைப்பைக் குழாயின் ரத்த ஓட்டம் குறையும், உணவும் இறங்காது. கரையாத மெஷ் நாளடைவில் அந்தக் குழாயையே அரிக்கலாம். இரைப்பைக் குழாயும் மீதி உணவுக்குழாயும் சேரும் இணைப்பில் கசிவு வந்தால் மெஷ்ஷில் கிருமி தங்கிவிடும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. இதனால்தான் முதல் அறுவையிலேயே மெஷ் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தசை நன்றாக இருந்தால் தையலே போதும். கட்டியோடு தசையையும் வெட்ட நேர்ந்தாலோ, வந்த ஹெர்னியாவைச் சரிசெய்வதானாலோ கரையும் மெஷ் பொருந்தும். எதைச் செய்திருந்தாலும், திடீர் மூச்சுத்திணறல், வாந்தி, வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.