துரைப்பாக்கத்தில் சாப்பாடு: எல்லாம் கிடைக்கிறது, ரசத்தைத் தவிர

"மச்சி, மாசம் ஆறாயிரத்துல மூணு வேளையும் ஓ.எம்.ஆர்.ல சாப்பிட முடியுமாடா?" என்று நண்பன் கேட்டிருந்தான். ஓ.எம்.ஆர். என்றால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை, ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக நிற்கிற சாலை. அடுத்த மாதம் காரப்பாக்கத்தில் வேலைக்குச் சேர்கிறான், துரைப்பாக்கத்தில் அறை பார்த்துக்கொண்டிருக்கிறான். முடியும் என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரியில் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. டைடல் பார்க் முதல் சிறுசேரி வரை என்னென்ன இருக்கிறது, எந்தப் பேருந்து எங்கே போகும் என்பதெல்லாம் இங்கே வராது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பல வருடமாக இந்தப் பக்கம் அடுப்பு பற்றவைக்காமல் வாழ்கிறவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

நான் வந்தபோது பெருங்குடியில் சுங்கச்சாவடி இருந்தது. 2021 ஆகஸ்ட் கடைசியில் வசூலை நிறுத்தினார்கள். அப்புறம் மெட்ரோ வேலை வந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிற தடம். சாலை நடுவே தூண், இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு, யூ டர்ன் இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு வேறோர் இடம். இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் மாறினால் கையேந்தி பவனும் மாறும், அதுதான் சம்பந்தம். பி.டி.சி. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த தோசை வண்டி, தடுப்பு வைத்த பிறகு மூன்று தடவை இடம் மாறிவிட்டது. மேப்பில் இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது, நாலரை நட்சத்திரத்தோடு. அதை நம்பிப் போனால் பேங்க் ஏ.டி.எம். வாசலில் நிற்பீர்கள். இங்கே மலிவான கடைக்கு முகவரி கிடையாது. "தோசைக்காரர் இப்ப எங்க நிக்கிறார்?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுத்தான் போகவேண்டும்.

கடை பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டரை மணிக்குத் தெருவில் இறங்கி, செக்யூரிட்டி சீருடைக்காரர்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் எந்தச் சந்துக்குள் நுழைகிறார்கள் என்று பார்ப்பேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற கூட்டம் ஒன்றேகாலுக்குத்தான் வரும். அதற்குள் கூட்டு தீர்ந்திருக்கும், விலை மட்டும் அதேதான். அடுத்து விலைப்பலகை. அச்சடித்த விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நல்ல கடை என்பது என் கணக்கு. நான் போகிற மெஸ்ஸில் சாப்பாடு என்பதற்கு எதிரே ஒட்டியிருக்கும் காகிதத்தில் 90 என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. அதன் ஓரம் சுருண்டு, அடியில் 80. அதற்கும் அடியில் பெயின்டில் எழுதிய 70 லேசாகத் தெரிகிறது. பத்து பத்தாக ஏற்றுகிறவர்கள் யோசித்துத்தான் ஏற்றுகிறார்கள். பலகையே இல்லாமல் க்யூஆர் கோடு மட்டும் ஒட்டியிருக்கிற கடைக்குள் நான் போவதில்லை.

ஒரு சின்ன விஷயம். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருந்தால் மேலே ஒரு தடவை பாருங்கள். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டிவிடுகிற முறை) இருக்கிற சின்ன ஓட்டல்கள் சாப்பிட வருகிறவரிடம் வரி வசூலிக்கக் கூடாது, அப்படி வசூலிக்கும் தகுதி இல்லை என்று பில்லிலேயே எழுதவும் வேண்டும். மேலே அந்த வாசகமும் கீழே ஜிஎஸ்டியும் சேர்ந்து வருகிற பில் எனக்கு வந்திருக்கிறது. காட்டினேன், சிரித்துக்கொண்டே கழித்துவிட்டார்கள்.

காலை வேளைக்கு இந்தப் பகுதியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2000 வாக்கில் நகரத்துக்குள்ளிருந்து குடிசைகளை எடுத்து மக்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஓ.எம்.ஆர். அலுவலகங்களைப் பெருக்கித் துடைப்பவர்களில் எத்தனையோ பேர் அங்கிருந்து வருகிறவர்கள். அந்தப் பக்கம் போகிற சாலையில் விடிவதற்கு முன்பே இட்லிக் கடை போட்டுவிடுகிறார்கள். வாசலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் இட்லிக் குண்டான், துணியோடு எடுத்துத் தட்டில் கவிழ்ப்பார்கள். நாலு இட்லியும் வடகறியும் 40 ரூபாய். வடகறிக்கான பெயர் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டது, சரி, ஆனால் இங்கே ஓர் ஆயா வைக்கிற வடகறியில் பட்டை தூக்கலாக இருக்கும், அடுத்த நாள் சட்டையிலும் மணக்கும். அதுவும் கட்டுப்படியாகாத மாதக் கடைசியில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நான் அங்கே சாப்பிடுகிறவன் என்று ஆபீசில் தெரிந்தபோது ஒருவர் பாவமாகப் பார்த்தார். அவர் அன்று மதியம் 240 ரூபாய்க்கு ஏதோ ஒரு பவுல் வரவழைத்து, பாதி சாப்பிட்டு மூடிவைத்தார். யார் யாரைப் பாவம் பார்ப்பது?

இனி மதியம்.

துரைப்பாக்கத்தில் 90 ரூபாய்க்கு அளவுச் சாப்பாடு கிடைக்கும். சோறு, சாம்பார், ஒரு பொரியல், கூட்டு, அப்பளம், மோர். சாம்பார் நன்றாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். கூட்டில் சௌசௌதான் அடிக்கடி, அதையும் விட்டுவிடலாம். ரசம் எங்கே? கேட்டால், "ரசம் இல்ல தம்பி, மோர் ஊத்தட்டா?" மேட்டுக்குப்பத்தில் கேட்டேன், கந்தன்சாவடியில் கேட்டேன், இருநூறடிச் சாலைத் திருப்பத்தில் கேட்டேன். எல்லா இடத்திலும் மோர். நூற்றைம்பதுக்கு மேல் ஏ.சி.யில் போய் உட்கார்ந்தால் குட்டிக் கிண்ணத்தில் ரசம் வருகிறது. அதுவும் காலையில் வைத்து, பத்து முறை கொதித்து, கொத்தமல்லித் தண்டு மட்டும் மிதக்கிற ரசம்.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டிலேயே மலிவாக வைக்கக்கூடியது ரசம். கொஞ்சம் புளி, ரெண்டு தக்காளி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, சாம்பாருக்கு வெந்த பருப்பின் தண்ணீரை ஊற்றினால் ஐம்பது பேருக்கு ஆகும். செலவு பார்க்கிற கடைக்காரர் எதையாவது நிறுத்த நினைத்தால் கூட்டை நிறுத்தலாம், அப்பளத்தை நிறுத்தலாம். ரசத்தை ஏன் நிறுத்துகிறார்? நெடுநாள் யோசித்தேன், ஒரு நாள் என் தட்டைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. ரசம் இருந்தால் இரண்டாவது சோறு கேட்பார்கள். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு பிடி என்பதுதான் நம் சாப்பாட்டின் கணக்கு. நடுவிலிருப்பதை எடுத்துவிட்டால் தட்டில் மிச்சமிருக்கிற சோற்றிலேயே மோரை ஊற்றி எழுந்துவிடுவான். காசு ரசத்தில் இல்லை, அது இழுத்துக்கொண்டு வருகிற சோற்றில் இருக்கிறது.

அரிசிக் கணக்கையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிளோடு விற்கிற அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். மறுவாரமே மில்காரர்கள் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கினார்கள். மெஸ் அக்கா அந்தச் சிப்பத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கிலோ ஜாஸ்தியா வருது தம்பி, வெலையும் ஜாஸ்தியா வருது." 19 கிலோ சிலிண்டர் ஒவ்வொரு மாதம் ஒன்றாம் தேதியும் என்ன விலை சொல்லுமோ என்று ரேடியோ கேட்கிற மாதிரி காத்திருக்கிறார். வாடகை வேறு. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

பார்சல் இன்னொரு காரணம். பாதி வியாபாரம் இப்போது செயலியில் போகிறது. பைக்கில் தொங்குகிற பையில் முதலில் அவிழ்வது ரசக் கவர்தான். ஒழுகினால் வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்பார், அந்தக் காசு கடைக்காரர் தலையில் விழும். அதனால் பார்சலில் ரசம் போயிற்று, பார்சலில் போனதைக் கடையில் மட்டும் எதற்கு வைப்பானேன் என்று அங்கேயும் போயிற்று. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரியிலேயே தடை செய்தார்கள். சாம்பார் கவர் இன்னும் நூல் சுற்றிக்கொண்டு கம்பீரமாகத்தான் வருகிறது. தடையில் காணாமல் போனது ரசம் மட்டும்தான் போல.

முன்பு மேட்டுக்குப்பத்தில் ஒரு சந்துக்குள் வயதான கணவனும் மனைவியுமாக ஒரு மெஸ் நடத்தினார்கள். மூன்று மேசை. ரசம் எடுத்துவரும்போது பெரியவர் கரண்டியைப் பாத்திரத்தின் மேலேயே பிடித்துக்கொண்டு, "தெளிவா, கலக்கியா?" என்று கேட்பார். தெளிவு என்றால் மேலாக எடுத்து டம்ளரில் ஊற்றுவார், குடிக்க. கலக்கி என்றால் கரண்டி அடிவரை போய், பருப்பு மண்டியோடு சோற்றுக்கு வரும். இரண்டும் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டார். அந்த வீட்டை இடித்து ஐந்து மாடி பி.ஜி. விடுதி கட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஷவர்மா கடை. மேலே தங்கியிருக்கிற பையன்கள் ராத்திரி அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் காலையில் ஜெலுசில் தேடுகிறார்கள்.

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஆறுதல் வந்தது. கட்டட வேலை நடக்கிற தெருக்களின் பின்பக்கம் ஒடியாக்காரர்களும் வங்காளிகளும் நடத்துகிற தகரக் கொட்டகைக் கடைகள் முளைத்திருக்கின்றன. பலகையில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. உள்ளே கடுகெண்ணெய் வாசனை. 60 ரூபாய்க்கு மலை மாதிரி சோறு, தண்ணியாகப் பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பச்சை மிளகாய், வெங்காயம். நான் போகிற கடைக்காரர் கஞ்சாம் மாவட்டத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சோறு தீர்வதற்கு முன்பே அடுத்த கரண்டியோடு வந்து நிற்பார். போன ஏப்ரலில் ஒரு நாள், "அண்ணா, இன்னிக்கு பக்காள் இருக்கு, சாப்டுறீங்களா?" என்றார். எட்டிப் பார்த்தால் பழைய சோறு! புளித்த நீராகாரத்தோடு, கீரை வதக்கல், சுட்ட உருளைக்கிழங்கை வெங்காயம் போட்டுப் பிசைந்தது, பொரித்து நொறுக்கிய உளுந்து வடகம். ஒடிசாவில் மார்ச் 20ஆம் தேதியைப் பக்காள் தினமாகவே கொண்டாடுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். நம் ஆட்கள் பழைய சோற்றை மண்சட்டியில் வைத்து ஏ.சி. அறையில் 150 ரூபாய்க்கு விற்கிறபோது, துரைப்பாக்கத்தில் 60 ரூபாய்க்கு அது ஒரு கஞ்சாம்காரரிடம் கிடைக்கிறது. மே மாதம் முழுக்க அங்கேதான் கிடந்தேன். ஆனால் அவரிடமும் ரசம் கிடையாது, அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையில்லை.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரோட்டா, சால்னா, முட்டை தோசை, எந்தத் தெருவிலும் 60, 70க்குள் முடியும். சனிக்கிழமை கால்வாய்ப் பாலம் தாண்டி நீலாங்கரைப் பக்கம் போனால் மீன் வறுவல் சுடச்சுட கிடைக்கும். முள்ளுக்குப் பயப்படாதவர்கள் சின்ன மீனாகக் கேளுங்கள், அதுதான் மலிவு, அதுதான் ருசி.

ஆக நண்பன் கேட்ட ஆறாயிரத்துக்கு மூன்று வேளையும் தாராளமாக ஆகும், கொஞ்சம் மிச்சம்கூடப் பிடிக்கலாம். இவ்வளவு மாறிய பிறகும் 200 ரூபாயில் ஒரு நாளை ஓட்ட முடிகிற இடம் இந்தச் சாலையில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான். காலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஒடியாக் கடைக்கு ஐந்துக்கு ஆறு. மொத்தத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் இரண்டு. ஏன் என்று கேட்காதீர்கள், இன்று மதியமும் மோர்தான் ஊற்றினார்கள். குக்கரும் ஒரு சின்ன இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கிக்கொண்டு வா என்றுதான் அவனுக்கு இப்போது சொல்லத் தோன்றுகிறது.

நான் அந்த அடுப்பை ஏற்கனவே வாங்கிவிட்டேன். ரசம் மட்டும் வைக்க. போன வாரம் ஒரு ப்ளாஸ்கில் ஊற்றி மெஸ்ஸுக்கே எடுத்துப் போனேன். சாம்பார் முடிந்ததும் ப்ளாஸ்கைத் திறந்தேன், பக்கத்து மேசை செக்யூரிட்டி அண்ணன் தட்டை நீட்டினார், அவருக்கும் ஊற்றினேன். அப்புறம் அவருக்கு ஒரு கரண்டி சோறு, எனக்கு ஒரு கரண்டி. அக்கா கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பில் வந்தது. சாப்பாடு 90, எக்ஸ்ட்ரா சோறு ரெண்டு, 40. செக்யூரிட்டி அண்ணனின் சோற்றையும் அக்கா என் கணக்கில்தான் எழுதியிருந்தார்.