நாஷ்வில் ரேடியோ ப்ரோமோஷன் சர்வீஸ் ரிவ்யூ: சின்ன லேபிள்ல பாடுற கன்ட்ரி பாடகருக்கு இது தேவையா?

சின்னதா ஒரு லேபிள் (பாட்டு வெளியிடுற கம்பெனி) வெச்சு அமெரிக்க கிராமத்து இசையான கன்ட்ரில சிங்கிள், அதாவது தனிப்பாட்டு, ரிலீஸ் பண்றவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்குற கேள்வி, ஸ்டேஷன் ஸ்டேஷனா பேசி நம்ம பாட்டை போட வெக்கப் பாக்குற ரேடியோ ப்ரோமோட்டர் வெக்கலாமா இல்ல அந்த காச வீடியோவுக்கும் ஆன்லைன் விளம்பரத்துக்கும் போடலாமான்னு. நாங்க எங்க பாடகியோட சிங்கிளுக்கு, கன்ட்ரி இசைக்கு தலைநகர் மாதிரி இருக்குற நாஷ்வில்ல ஒரு ஆபீஸ் வெச்சிருக்குற ஒரு இன்டிபென்டன்ட் ப்ரோமோஷன் கம்பெனிய எடுத்து முழு கேம்பெயினும் ஓட்டியாச்சு, அதான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே மாதிரி வேலை பாக்குற சின்ன ஆபீஸ் அங்க நிறைய இருக்கு, நான் சொல்றதுல பாதி யாரை எடுத்தாலும் பொருந்தும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். பாட்டு ஓடுற ஊருக்கெல்லாம் வண்டி எடுத்துட்டு போய் பாடத் தயாரா இருக்குற பாடகருக்கு இது நல்ல சர்வீஸ். வீட்லயே உக்காந்து சார்ட் நம்பர் மட்டும் பாத்துட்டு இருக்கப் போறவங்களுக்கு ஒரு டாலர் கூட திரும்ப வராது.

அது ஏன்னு புரியணும்னா அமெரிக்க கன்ட்ரி ரேடியோ ரெண்டு உலகமா இருக்குறத தெரிஞ்சுக்கணும். பில்போர்ட் கன்ட்ரி ஏர்ப்ளே, மீடியாபேஸ், இந்த சார்ட்டுக்கெல்லாம் கணக்குல வர்றது பெரிய நகரங்கள்ல இருக்குற 150 பக்கம் ஸ்டேஷன் தான். 1996 டெலிகாம் சட்டத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன் தான் வெச்சுக்கலாம்னு வரம்பு இருந்துச்சு, அத எடுத்துட்டாங்க, அப்புறம் கிளியர் சேனல் ஒண்ணு மட்டுமே 1200க்கு மேல ஸ்டேஷன் வாங்கிடுச்சு, அது தான் இன்னைக்கு ஐஹார்ட்ன்ற ரேடியோ கம்பெனி. அந்த மாதிரி பெரிய செயின்ல பிளேலிஸ்ட்டோட பெரும்பகுதி மேல இருந்து வருது, அந்த ஊர் ஸ்டேஷன்ல வேலை பாக்குறவருக்கே புதுப் பாட்டு சேக்க பெருசா அதிகாரம் கிடையாது. அந்த சார்ட்ல ஒரு பாட்டு மேல ஏற இப்பல்லாம் 40 வாரம் 50 வாரம் ஆகுறது சாதாரணம், அத்தனை வாரமும் பெரிய லேபிளோட ஆளுங்க ஊர் ஊரா உக்காந்து விடாம தள்ளிட்டே இருக்கணும், நம்மால முடியுற காரியமா அது?

இன்னொரு உலகம் சின்ன ஊர் ஸ்டேஷன்கள். அங்க எந்த பாட்டு போடணும்னு முடிவு பண்ற ப்ரோக்ராம் டைரக்டரே காலை ஷோவும் பண்ணுவார், உள்ளூர் ஃபர்னிச்சர் கடை விளம்பரத்துக்கும் குரல் குடுப்பார், வெள்ளிக்கிழமை நைட் ஹைஸ்கூல் ஃபுட்பால் கமென்ட்ரியும் அவரே தான். பாட்டு புடிச்சா அன்னைக்கே போடுவார், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். மியூசிக் ரோ பத்திரிகையோட கன்ட்ரி பிரேக்அவுட் சார்ட் இந்த மாதிரி ஸ்டேஷன்கள வெச்சு வர்றது, டெக்சஸ்ல அதுக்குன்னே தனியா டெக்சஸ் ரீஜனல் ரேடியோ ரிப்போர்ட் இருக்கு. நாம குடுக்குற காசுக்கு ப்ரோமோட்டர் விக்கிறது இந்த ரெண்டாவது உலகத்தோட இருக்குற பழக்கத்தை. அத தெளிவா புரிஞ்சுட்டு கையெழுத்து போடுங்க, முதல் உலகத்துக்கு கதவு திறந்து விடுறேன்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

வேலை எப்படி நடந்துச்சுன்னா, பாட்டை பிளே எம்பிஇன்ற, ரேடியோவுக்கு பாட்டு ஃபைல் அனுப்புற ஆன்லைன் சர்வீஸ் வழியா ஸ்டேஷன்களுக்கு அனுப்புனாங்க. பெரிய லேபிள் பாட்டும் அதே வழியா தான் போகுது, அதுல ஒரு நிம்மதி, ஃபைல் திறக்கலன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாது, யாரு டவுன்லோட் பண்ணாங்கன்னும் தெரியும். பாட்டுல பாடுறது எத்தனாவது செகண்ட்ல ஆரம்பிக்குது, முடிவு டக்குனு நிக்குதா மெதுவா தேயுதா, கெட்ட வார்த்தை இருந்தா கிளீன் வெர்ஷன் இருக்கா, இதெல்லாம் முன்னாடியே கேட்டு வாங்குனாங்க, டிஜே இன்ட்ரோ மேல பேசிட்டு பாட்டுக்குள்ள போறதுக்கு அந்த செகண்ட் கணக்கு ரொம்ப முக்கியம். ஆட் டேட்டுன்னு, அதாவது ஸ்டேஷன்கள் பாட்டை பிளேலிஸ்ட்ல சேக்கச் சொல்ற நாளுன்னு, ஒரு திங்கக்கிழமைய குறிச்சாங்க, அதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி இருந்தே ஃபோன் ஆரம்பிச்சாச்சு. டிசம்பர் பக்கம் போக வேண்டாம், கிறிஸ்மஸ் பாட்டு எல்லா இடத்தையும் புடிச்சுக்கும்னு அவங்களே தடுத்தாங்க, நல்ல யோசனை.

ஃபோன் வேலைல எனக்கு முழு திருப்தி. அந்த கம்பெனில ஃபோன் பண்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, எந்த ஊர்ல யாரு எத்தனை மணிக்கு ஷோ முடிச்சு ஃப்ரீயா இருப்பாங்கன்னு அத்தனையும் மனப்பாடம். எங்க பாடகி அர்கன்சாஸ்காரங்க, அதனால அர்கன்சாஸ், மிசூரி, ஓக்லஹோமா ஸ்டேஷன்கள முதல்ல புடிப்போம், அப்புறம் தூரமா போவோம்னு திட்டம் போட்டாங்க, அப்படியே நடந்துச்சு.

இன்னொண்ணும் மறைக்காம சொன்னாங்க. பொண்ணுங்க பாட்டுன்னா சில ஸ்டேஷன்ல கஷ்டம்னு. கன்ட்ரி ரேடியோவுல இது ரொம்ப நாள் நோய். 2015ல ஒரு ரேடியோ கன்சல்டன்ட் கன்ட்ரி ஏர்செக்ன்ற ரேடியோ தொழில் பத்திரிகைல பேட்டி குடுக்குறப்போ சாலட்ல ஆம்பளை பாடகர்கள் தான் லெட்டூஸ், பொண்ணுங்க மேல தூவுற தக்காளின்னு சொல்லி பெரிய சண்டையே ஆச்சு. ரெண்டு பொண்ணுங்க பாட்டை அடுத்தடுத்து போடாதீங்கன்ற பழக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, இன்னும் முழுசா போகல, நினைச்சா கோவம் தான் வருது. எந்தெந்த ஸ்டேஷன் அப்படி பாக்காதுன்னு இவங்க பிரிச்சு வெச்சிருந்தாங்க, அந்த லிஸ்ட்டுக்காக மட்டுமே பாதி ஃபீஸ் குடுக்கலாம்.

குறைன்னா ரிப்போர்ட். வாரா வாரம் வந்த ரிப்போர்ட்ல ஸ்டேஷன் பேரும் மொத்தம் எத்தனை தடவை ஓடுச்சுன்ற நம்பரும் மட்டும் தான் இருந்துச்சு. எத்தனை மணிக்கு ஓடுச்சுன்னு நான் கேட்டதுக்கு ரெண்டு வாரம் பதிலே இல்ல, விடாம கேட்டப்புறம் தான் குடுத்தாங்க, பாத்தா சில ஸ்டேஷன்ல எல்லாமே நடுராத்திரி பன்னெண்டுல இருந்து காலைல அஞ்சுக்குள்ள. அந்த நேரத்துல லாரி ஓட்டுறவங்க கேப்பாங்க தான், அவங்களும் ரசிகர்கள் தான், ஆனா பாடகரை ஷோவுக்கு கூப்பிடுற அந்த ஊர் கவுன்ட்டி ஃபேர் (ஊர்த் திருவிழா) கமிட்டில இருக்குற ஆளு கேக்க மாட்டார். மூணு ஸ்டேஷன்ல மட்டும் பகல்ல, அதுவும் சாயங்காலம் வேலை விட்டு போற நேரத்துல ஓடுச்சு, எங்களுக்கு ஷோ வந்தது எல்லாம் அந்த மூணு ஊர்ல இருந்து தான், மொத்த நம்பர் அதிகமா இருந்த ஸ்டேஷன்கள்ல இருந்து ஒண்ணு கூட வரல. இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

ஷோ ஏன் முக்கியம்னா ரேடியோல பாட்டு ஓடுனா பாடுனவருக்கு காசு கிடையாது. அமெரிக்கால ஏஎம் எஃப்எம் ஸ்டேஷன் பாட்டு எழுதுனவருக்கும் பப்ளிஷருக்கும் மட்டும் தான் ராயல்ட்டி குடுக்கும், பிஎம்ஐ, ஆஸ்காப் மாதிரி ராயல்ட்டி வசூல் பண்ற அமைப்புகள் வழியா. பாடுனவருக்கும் ரெக்கார்டிங் வெச்சிருக்குற லேபிளுக்கும் ஒண்ணும் கிடையாது, உலகத்துல பெரும்பாலான நாட்டுல குடுக்குறாங்க, இங்க இல்ல, அநியாயம் தான். சாட்டிலைட் ரேடியோவும் இன்டர்நெட் ரேடியோவும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்ன்ற வசூல் அமைப்பு மூலமா பாடுனவருக்கும் குடுக்கும், அதுல 50 சதவீதம் ரெக்கார்டிங் வெச்சிருக்கவருக்கு, 45 பாடகருக்கு, மீதி 5 கூட வாசிச்சவங்களுக்கு. அதனால ப்ரோமோட்டர்கிட்ட சாட்டிலைட் ரேடியோவான சிரியஸ்எக்ஸ்எம்முக்கும் பாட்டு குடுப்பீங்களான்னு கேளுங்க, சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்ல பதிவு பண்ணாம கேம்பெயின் ஆரம்பிக்காதீங்க.

இவங்கள எடுக்குறதுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனி எங்ககிட்ட இத்தனை ஸ்பின் (ஒரு தடவை ஓடுனா ஒரு ஸ்பின்) கேரன்டி, இத்தனாவது இடம் கேரன்டின்னு ரேட் கார்டே அனுப்புச்சு. நாங்க தொடவே இல்ல. ப்ரோமோட்டருக்கு ஃபீஸ் குடுக்குறது சட்டப்படி சரி, ஆனா ஸ்டேஷன் ஆளுக்கு காசோ பொருளோ போய், அத ஒலிபரப்புல சொல்லாம பாட்டு போட்டா அது பேயோலா, 1960ல இருந்து கிரிமினல் குற்றம், 10,000 டாலர் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 2005ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஸ்பிட்சர் விசாரணைல சோனி பிஎம்ஜி 10 மில்லியன் டாலர் கட்டுச்சு. 2007ல நாலு பெரிய ரேடியோ செயின் சேந்து ரேடியோவ கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசிக்கு 12.5 மில்லியன் கட்ட ஒத்துக்கிட்டாங்க, அதோட இன்டிபென்டன்ட் கலைஞர்களுக்கு 8,400 அரைமணி நேர ஸ்லாட் தர்றோம்னும் சொன்னாங்க. 2025ல கூட ஸ்டேஷன் ஈவென்ட்ல குறைஞ்ச காசுக்கோ சும்மாவோ பாடச் சொல்லி அதுக்கு பதிலா பாட்டு போடுறாங்களான்னு எஃப்சிசி தலைவர் ஐஹார்ட்டுக்கு லெட்டர் போட்டு கேட்டார். கேரன்டின்ற வார்த்தைய பாத்தாலே ஒதுங்கிடுங்க. நாங்க எடுத்த கம்பெனி முதல் கால்லயே எதுக்கும் கேரன்டி கிடையாதுன்னு சொல்லிடுச்சு, அதுல தான் நம்பிக்கையே வந்துச்சு.

இன்டிபென்டன்ட்டா இருந்து ரேடியோல ஜெயிக்கவே முடியாதான்னா, முடியும், ஆனா உழைப்பு வேற மாதிரி. 1960ல கன்ட்ரி பாடகி லோரெட்டா லின் ஜீரோன்ற குட்டி லேபிள்ல முதல் ரெக்கார்ட் போட்டு, வீட்டுக்காரரோட கார்ல ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறி இறங்கி பில்போர்ட்ல 14வது இடம் வந்தாங்க. 1999ல ஆரம்பிச்ச புரோக்கன் போன்ற இன்டிபென்டன்ட் லேபிள் 2005ல கிரெய்க் மோர்கன் பாட்டை நாலு வாரம் நம்பர் ஒன்ல வெச்சுது, ஆனா அவங்க சொந்தமா ப்ரோமோஷன் டீமே வெச்சிருந்தாங்க. பாடகர் ஆரன் வாட்சன் டெக்சஸ் டான்ஸ் ஹால் டான்ஸ் ஹாலா பாடி கூட்டம் சேத்து 2015ல சொந்த ஆல்பத்தையே கன்ட்ரி ஆல்பம் சார்ட்ல நம்பர் ஒன்ல இறக்குனார். டெக்சஸ்காரங்களா இருந்தா நாஷ்வில் கம்பெனிக்கு போகாதீங்க, அங்க ஃபோர்ட் வொர்த் 95.9 தி ராஞ்ச் மாதிரி ஸ்டேஷன்கள தெரிஞ்ச அந்த ஊர் ப்ரோமோட்டர் தான் சரி.

ஃபீஸ் மாசத்துக்கு சில ஆயிரம் டாலர், மூணு மாசமாவது ஓட்டணும், பெட்ரோலுக்கும் மோட்டலுக்கும் அதே அளவு தனியா எடுத்து வெச்சுட்டு இறங்குங்க. அஞ்சுக்கு மூணே முக்கால் குடுக்குறேன், ரிப்போர்ட் சரியா வந்திருந்தா நாலரை. அடுத்த சிங்கிளுக்கும் இவங்க தான், ஆனா கம்மி ஸ்டேஷன், பாடகி அஞ்சு மணி நேரத்துல வண்டி ஓட்டிட்டு போகக்கூடிய ஊர் மட்டும், ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் மணி போட்டு ரிப்போர்ட் வரணும்னு கான்ட்ராக்ட்லயே எழுதி வாங்கியாச்சு.