தலைக்கு 300 ரூபாய், ஐந்து அட்டை, ஒரு ஜெராக்ஸ்

குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள், குறிப்பாக நெசவுத் தெருக்காரர்கள், இதைக் கொஞ்சம் முழுசாகப் படியுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறோம் என்று தெருவுக்கே வந்த ஆட்களிடம் நான் ஏமாந்த கதை இது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பேங்க் பாரத்தையும் என்னிடமே நீட்டி நிரப்பச் சொல்வார்கள். ஊருக்குப் பாரம் நிரப்புகிறவன் தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டான்.

போன வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழா முடிந்த வாரம் அது. அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. தெருமுனையில் ஒரு சாமியானா, மேசை, லேப்டாப், விரல் வைக்கிற மெஷின், பின்னால் தலைவர்கள் படம் போட்ட பிளெக்ஸ். இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஐடி கார்டு. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாடா நீல நிறம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே பழைய காப்பீட்டு அட்டை இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். பையன் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாவட்டம் பிரிஞ்சிடுச்சு இல்லம்மா, இது இனிமே செல்லாது. நாங்களே சரண்டர் பண்ணிட்டுப் புதுசு குடுத்துடுறோம்" என்றான். பொய்யில் பாதி உண்மை கலந்திருந்தால்தானே விலை போகும்? 2019-இல் மாவட்டம் பிரிந்தது நிஜம். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின. ஆனால் குடியாத்தம் இன்றும் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியே வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தாலும் இது மாநிலம் முழுக்கச் செல்லுகிற திட்டம், மாவட்டத்துக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றவில்லை.

அடுத்தது பணம். தலைக்கு 300. அப்பா, அம்மா, நான், என் மனைவி, மகள் என்று ஐந்து பேருக்கு 1,500. "ஆளுக்கு 5 லட்சம் கவரேஜ்ணா, மத்திய அரசு கார்டையும் சேர்த்தா 10 லட்சம்" என்றான். இரண்டுமே பொய். காப்பீடு ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரிலேயே நம் மாநிலத் திட்டத்தோடு இணைந்துவிட்டது. இரண்டையும் கூட்டி 10 லட்சம் என்ற கணக்கே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, இதில் சேர ஒரு பைசா கட்ட வேண்டாம். பிரீமியத்தை நமக்காக அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. "தலைக்கு" என்ற சொல்லைக் கேட்டதுமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அம்மா நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும், 2012-இல் அது இப்போதைய பெயரில் வந்தபோதும், தெருவில் நாலு பேரோடு சேர்ந்து போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு அட்டை வந்தது. அதனால் மேசையும் கேமராவும் பார்த்தாலே அம்மாவுக்கு அது கவர்மெண்ட்டு.

ஆதார் நகல், குடும்ப அட்டை நகல் கொடுத்தோம். எல்லோரும் விரல் வைத்தோம். என் போனுக்கு இரண்டு முறை ஓடிபி வந்தது, இரண்டையும் சொன்னேன். 900 ரூபாயை ஜிபேயில் போட்டேன், மீதியைக் கையில் கொடுத்தேன். பத்து நாளில் ஐந்து பளபளப்பான அட்டை வீட்டுக்கே வந்தது. சொன்னபடி செய்துவிட்டானே என்று அம்மா அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்பா தறியிலிருந்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேர்வை ஊற்றுகிறது. ஆட்டோவில் போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸ் பிடித்து, வேலூரில் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அட்டை பையில் இருக்கிறது என்ற தெம்பில்தான் அங்கே போனேன். ராத்திரி நேரம், காப்பீட்டு கவுண்டரில் ஆள் இல்லை. முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். மனைவியின் செயின் அடகுக்குப் போனது. நடுராத்திரியில் அடகுக்கடை ஏது? தெரிந்தவரிடம் பணம் வாங்கிக் கட்டிவிட்டு, காலையில் அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்ததில் ஒரு இடத்தில் அடைப்பு. மாத்திரையில் நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, இரண்டு மூன்று நாளுக்குள் ஸ்டென்ட் (ரத்தக் குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

திங்கள் காலை கவுண்டர் திறந்தது. அந்தப் பெண் அட்டையை வாங்கி எண்ணை அடித்தாள். நிறுத்தி மறுபடி அடித்தாள். "அண்ணா, இது வேற யாரோ குடும்பம் காட்டுதே. உங்க அப்பா பேரு இதுல இல்லையே." மீதி நான்கு அட்டையையும் நீட்டினேன். ஐந்திலும் அதே எண்தான் அச்சடித்திருந்தது. எங்கள் படம், எங்கள் பெயர், வேறு எவர் வீட்டு எண்ணோ. அட்டை வெறும் பிளாஸ்டிக். கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவுதான் காப்பீடு என்று அந்தப் பெண்தான் எனக்குப் புரிய வைத்தாள். பாவம், அவளுக்கு என்னைவிட வருத்தம். மாதத்துக்கு இப்படி ஒன்றிரண்டு வருகிறது என்றாள்.

"பழைய கார்டு இருந்தா குடுங்கண்ணா, அது உயிரோட இருந்தாலும் இருக்கும்." பழைய அட்டையைத்தான் அவன் "சரண்டர்" செய்ய எடுத்துக்கொண்டு போய்விட்டானே! வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "இன்னாடா சொல்ற?" என்று ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "இரு, அதோட ஜெராக்ஸ் மஞ்சப் பையில இருக்கும்" என்றாள். எப்போதோ எதற்கோ எடுத்த நகல், மங்கிப்போய், கரண்ட் பில்களுக்கு நடுவில் கிடந்திருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்ப அம்மாவுக்குத் தெரியாது. பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் தானே கொண்டுவந்துவிட்டாள்.

அந்த எண்ணை அடித்ததும் அப்பா பெயர் வந்தது. பதிவு அத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆனால் பழைய ரேஷன் கார்டு எண்ணோடு இருந்தது. இப்போதைய ஸ்மார்ட் குடும்ப அட்டையோடு இணைக்க வேண்டும், அதற்குக் கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும் என்றாள்.

இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சாமியானாவைப் பார்க்காமலே இருந்து, எங்கள் பழைய அட்டை எங்கள் கையிலேயே இருந்திருந்தால், முன்னமே யாராவது கவனித்துச் சொல்லியிருப்பார்கள், நானும் சாவகாசமாக இணைத்திருப்பேன். 1,500 ரூபாய் போனதைவிட, ஒரு வருஷம் முழுக்க எல்லாம் சரியாக இருக்கிறது என்று எங்களைத் தூங்க வைத்ததுதான் பெரிய நஷ்டம்.

செவ்வாய் காலை கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குப் போனேன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்து பிறகு உயர்த்தியதுதான் இந்த வரம்பு. அதாவது மாதம் 10,000. தையல் கடையும் தறிக் கூலியும் சேர்ந்தால் எங்கள் வீடு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது, நல்ல மாதத்தில் மேலே ஏறினாலும் ஆடியில் இறங்கிவிடும். வீட்டில் இரண்டு பேர் ஓரளவு சம்பாதித்தாலே தாண்டிவிடுகிற கோடு இது. அது தனிப் புலம்பல், விடுங்கள். அரிசி கார்டா சர்க்கரை கார்டா என்று பார்த்து ஒதுங்கிப் போகாதீர்கள், இங்கே பார்ப்பது வருமானத்தை. அவர் விசாரித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை.

சான்று, குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், இவ்வளவுதான் கையில். மத்தியானம் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ். காப்பீட்டுத் திட்டத்துக்கென்று அங்கே தனி மையம் இருக்கிறது. வாசலிலேயே ஒருவர், "உள்ளே கூட்டம், 500 குடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்றார். பட்டது போதும் என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர், அவ்வளவுதான். என்னையும் மனைவியையும் போட்டோ எடுத்தார்கள், குடும்ப அட்டையோடு பதிவை இணைத்தார்கள், விட்டுப்போன பெயர்களைச் சேர்த்தார்கள். செலவு பஸ் காசு மட்டும். அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், எண் போதும் என்றார்கள்.

புதன்கிழமை, காப்பீட்டில் சிகிச்சை செய்வதற்கான அனுமதிக்கு மருத்துவமனை கவுண்டர் விண்ணப்பம் போட்டது. மறுநாள் காலை அனுமதி வந்துவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் மருத்துவமனை ஆள் ஒருவர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். "ஸ்கீம்ல வர்றது சாதாரண ஸ்டென்ட்ணா. அப்பாவுக்கு நல்லதா வெக்கணும்னா 35 ஆயிரம் தனியா கட்டிடுங்க." அப்பாவைக் காட்டிக் கேட்டால் எவனுக்கு மறுக்க வாய் வரும்? எனக்கும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து 1800 425 3993-க்குப் போட்டேன். திட்டத்தின் இலவச அழைப்பு எண் அது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாக எதுவும் வாங்கக் கூடாது, கேட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றார்கள். திரும்பிப் போய், "சரிங்க, அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றேன். அப்புறம் அந்த ஆளை நான் பார்க்கவே இல்லை. ஸ்டென்ட் விலைக்கு 2017-இலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா இப்போது நடக்கிறார். தறிப் பக்கம் போகக் கூடாது என்றால் கேட்பதில்லை. ஞாயிறு இரவிலிருந்து அனுமதி வரும்வரை ஆன 38,000 ரூபாய் திரும்பி வரவில்லை. அனுமதிக்கு முந்தைய செலவு கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

அந்தப் பையன்களின் போன் ஸ்விட்ச் ஆஃப். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். ஜிபே ரசீது இருந்ததால் அந்த 900 ரூபாய்க்காவது ஆதாரம் இருந்தது, கையில் கொடுத்த 600-க்கு அதுவும் இல்லை. இப்படிப் பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டுமாம்; நான் போனது ஒரு வருஷம் கழித்து. கொடுத்த விரல்ரேகை என்ன ஆயிற்றோ என்று அதற்கப்புறம்தான் பயம் பிடித்தது. எம்-ஆதார் செயலியில் எல்லோருடைய கைரேகையையும் பூட்டி வைத்தேன். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரியாத எண் ஒன்று. இவர்கள் வேலையா என்று அடித்துச் சொல்ல முடியாது. என்னுடையது இல்லை என்று அதிலேயே பதிந்துவிட்டேன்.

அந்த முகாமில் எங்கள் தெருவில் மட்டும் பதினோரு வீடு அட்டை வாங்கியிருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று வீட்டுக்காரர்கள் புகாரில் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்கு வெளியே தெரிந்தால் அசிங்கம். எதிர்வீட்டு அக்கா மட்டும், "எங்களுது நல்ல கார்டுதாம்பா, பாரு எப்டி மின்னுது" என்று பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். எங்கள் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எண்.

அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, சிறுநீரகமும் சரியில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கியாயிற்று. வியாழக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சத்துவாச்சாரி போகிறேன்.