தட்டுவடை செட்டும் என் பல்செட்டும்: நான்கு வருட அனுபவம்

சேலத்தில் குடியிருந்துகொண்டு தட்டுவடை செட் சாப்பிடாமல் ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவித் தருவார்கள். அப்படியே வாயில் போட வேண்டும். மேலே மொறுமொறு, உள்ளே நறநற. பல்செட் போட்டவர்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

எனக்கு இப்போது 71 வயது. 61இல் மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழுப் பல்செட் போட்டார்கள். மேல் செட் அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழ் செட்டுக்குப் பிடிமானம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் நாக்கு தள்ளும், இன்னொரு பக்கம் கன்னம் தள்ளும். போதாததற்கு, பல் போன தாடை எலும்பு வருடா வருடம் கரையும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை நாலு மடங்கு வரை அதிகமாகக் கரையும் என்று டாக்டர் சொன்னபோது, என் செட் ஏன் படகு மாதிரி மிதக்கிறது என்று புரிந்தது. ஒரு கொய்யா விதை அடியில் மாட்டினால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. முழுப் பல்செட்காரர்களின் கடிக்கும் பலம் சொந்தப் பல் உள்ளவர்களில் கால்வாசி இருந்தாலே பெரிதாம். நான் மெல்லுவதையே விட்டுவிட்டு விழுங்கப் பழகியிருந்தேன்.

67 வயதில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்தேன். கோரைப்பல் இருக்கும் இடத்தில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, டைட்டானியம் திருகு. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.4 இருந்ததால் முதலில் அதைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை பயந்த அளவுக்கு இல்லை. எலும்பு திருகோடு சேர மூன்று மாதம் காத்திருந்ததுதான் பெரிய வேலை. செலவு எனக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இந்த இரண்டு இம்ப்ளான்ட் முறையே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002லேயே கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தெரிய வந்தபோது நான் பாதிக் காலத்தை ரசம் சாதத்தில் கழித்திருந்தேன்.

இது நிலையாக ஒட்டிய பல் இல்லை. ஜாக்கெட்டில் வைக்கும் டிச் பட்டன் மாதிரிதான். ஈறுக்கு மேலே இரண்டு குமிழ், செட்டின் அடியில் இரண்டு நைலான் வளையம். அழுத்தினால் டக்கென்று உட்காரும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும்.

முதல் வாரமே ஒரு பாடம். பாசிப்பயறில் ஒரு கல். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய சவ்வு இருக்கும். கல்லைக் கடித்ததும் தாடையைச் சட்டென்று நிறுத்துவது அதுதான். இம்ப்ளான்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. நான் முழு பலத்தோடு கடித்துவிட்டேன். திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை, செட்டில் இருந்த ஒரு பல் பெயர்ந்து தட்டில் விழுந்தது. அதை ஒட்டி வாங்க இரண்டு நாள்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். செட் ஆடவில்லை, வலியில்லை. ஆனால் ஐந்து மாதம் கழித்தும் நான் பழைய சாப்பாட்டையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் பழக்கதோஷத்தில் பொரியலை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித்தான் வைப்பாள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பல் மாறிவிட்டது, வாய்க்குப் பயம் போகவில்லை. பரிசோதனைக்குப் போனபோது இரண்டு நிறம் சேர்ந்த ஒரு பபிள்கம்மைக் கொடுத்து இருபது தடவை மெல்லச் சொன்னார்கள். நிறம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம். நன்றாகவே கலந்திருந்தது. “மெல்ல முடியுதுங்கம்மா, நீங்கதான் மெல்ல மாட்டேங்கறீங்க” என்றார் டாக்டர்.

அந்த ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம், பேரன் அம்மாப்பேட்டைத் தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடை செட் வாங்கி வந்தான். ஒன்றை இரண்டாக உடைத்து, வலப்பக்கக் கடைவாயில் ஒரு துண்டு, இடப்பக்கம் ஒரு துண்டு வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்றால் செட் சமமாக நிற்கும். இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. தட்டுவடை நொறுங்கியது பெரிய விஷயமில்லை. கேரட் துருவல் அரைபட்டதுதான் அதிசயம். பழைய செட்டில் அது அப்படியே நாக்கடியில் ஒதுங்கி நிற்கும். முப்பது தடவையாவது மென்றிருப்பேன். “அப்பாயி, உன் வாய்ல சத்தம் கேக்குது” என்றான் பையன். மறுநாளிலிருந்து மிக்ஸி நின்றது.

இப்போது வறுத்த நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், மாங்காய்க் கீற்று எல்லாம் போகிறது. நாட்டுக்கோழியைச் சின்னதாகப் பிய்த்துக்கொள்வேன். முன்பல்லால் கடிக்க மட்டும் கூடாது. இரண்டு திருகும் முன்னால் இருப்பதால் முன்பக்கம் கடித்தால் பின்பக்கம் கீல் மாதிரி எழும்பும். சோளக்கதிரைக் கத்தியால் சீவித்தான் சாப்பிடுகிறேன். கரும்பு பக்கம் போவதில்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. பதினான்காவது மாதம் ஒரு ராத்திரி செட் லேசாகக் கழன்றது. திருகே ஆடுகிறதோ என்று விடியும்வரை தூங்கவில்லை. தேய்ந்திருந்தது நைலான் வளையம்! அதை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று செட் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ராத்திரி மிச்சம். வளையம் நிறத்துக்கு நிறம் இறுக்கம் மாறும்: நீலம் லேசு, பிங்க் நடுத்தரம், வெள்ளை இறுக்கம். வெள்ளையைக் கழற்ற என் விரலுக்குத் தெம்பில்லை. மூட்டுவலி இருப்பவர்கள் வாங்கும் முன்பே கிளினிக்கில் உட்கார்ந்து நாலு தடவை போட்டுக் கழற்றிப் பாருங்கள். எனக்கு பிங்க் சரியாக இருக்கிறது. நான்கு வருடத்தில் மூன்று தடவை மாற்றியாயிற்று. குமிழைச் சுற்றி மெல்லிய பிரஷ்ஷால் தினமும் தேய்க்கிறேன், செட்டுக்கு சோப்பும் பச்சைத் தண்ணீரும். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், வெந்நீர் விட்டால் செட் வளையும்.

கீழ் செட் நிலையாக நின்றபிறகு மேல் செட்தான் ஆடத் தொடங்கியிருக்கிறது. மேலுக்கும் போட்டுவிடலாம் என்கிறான் மகன். மேல் எலும்பு மிருது, அங்கே நாலு திருகாவது வேண்டுமாம். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்த மாதம் மேல் செட்டின் உள்பக்கத்தை ஈறுக்குத் தகுந்தபடி நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தட்டுவடையை இரண்டுக்குப் பதில் நாலாக உடைத்துக்கொள்கிறேன்.