லோ கார்ப் மாவு: சப்பாத்தி மெத்து, கணக்கு கோணல்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து நங்கை (அண்ணன் மனைவி) போன் போட்டார். "ஏன் அம்மிணி, நீ வாங்குற அந்தச் சக்கரை மாவு பாதி விலைக்கு வந்திருக்குதாமா, உங்கண்ணனுக்கும் ரெண்டு பாக்கெட் வாங்கிப் போடட்டுமா?" சர்க்கரை உள்ளவர்களுக்கென்று விற்கிற லோ கார்ப் மாவை, அதாவது மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) குறைந்த மாவைத்தான் அப்படிச் சொல்கிறார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சப்பாத்தியைக் குறை சொல்ல முடியாது. காலையில் டப்பாவில் போட்டுக் கொடுத்தால், வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மத்தியானம் ரெண்டு மணிக்குத் திறக்கும்போதும் ஓரம் விறைப்பதில்லை. மில்லில் அரைத்த கோதுமை மாவில் எனக்கு இந்தப் பதம் வந்ததே இல்லை. சோயாவும் நாரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் கல்லில் வெடிக்கும். வாடையும் இல்லை. கொள்ளுப் பருப்புக்கு அப்படிப் பொருந்துகிறது.

எரிச்சலெல்லாம் பாக்கெட்டின் முதுகில் இருக்கிற கட்டத்தைப் பார்த்துத்தான். 100 கிராமுக்குப் புரதம் 18, கொழுப்பு 5, கார்போஹைட்ரேட் 34, நார்ச்சத்து 16, சக்தி 345 கலோரி. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'லோ கார்ப்', கீழே 'சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றது'.

கூட்டிப் பாருங்கள். நாலும் சேர்ந்து 73 கிராம். மாவில் ஈரம் பத்து கிராம் இருக்கும், தாதுச்சத்து மூன்று. அதையும் சேர்த்தால் 86. மீதி 14 கிராம் எங்கே போனது? அப்புறம் கலோரி. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, நாருக்கு 2 என்று போட்டால் 285 வருகிறது. அட்டையில் 345. அறுபது கலோரி இடிக்கிறது. காணாமல் போன அந்த 14 கிராமை மாவுச்சத்து என்று வைத்தால் 56 கலோரி, கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. அப்படியானால் கார்ப் 34 இல்லை, 48.

இன்னொரு வழியிலும் போட்டுப் பார்த்தேன். சேர்மானத்தில் முதல் பெயர் முழுக் கோதுமை, 61 சதவீதம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில், ஆட்டா மாவுக்கு நார் போக 100 கிராமில் 64 கிராம் கார்போஹைட்ரேட். அப்படியானால் இந்தப் பாக்கெட்டில் கோதுமையிலிருந்து மட்டுமே 39 வந்துவிடும். கடலை மாவும் சோயாவும் இனிமேல்தான்!

நியாயமாகவும் பேசணும். அமெரிக்க அட்டையில் கார்போஹைட்ரேட்டுக்குள்ளேயே நாரும் அடக்கம், ஐரோப்பாவில் நார் தனி. நான் கம்பெனிக்குச் சாதகமான முறையில், நாரைத் தனியாக வைத்துத்தான் கூட்டியிருக்கிறேன். 48 என்றாலும் சாதா ஆட்டாவின் 64-ஐ விடக் குறைவுதான், புரதமும் கூடுதல். அந்த 48-ஐயே அச்சடித்திருந்தால் சந்தோஷமாகப் பாராட்டியிருப்பேன்.

சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்காரருக்கு விரலில் குத்தி, மீட்டரில் சர்க்கரை அளவு பார்ப்பது வழக்கம். அதே ரெண்டு சப்பாத்தி, அதே குழம்பு என்றால் மில் மாவுக்கு 190-ஐ ஒட்டி, இதற்கு 175-ஐ ஒட்டி. இதை வெற்றி என்று சொல்ல மனசு வரவில்லை. 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டுகிற மீட்டரும் தரநிலைப்படி சரியான மீட்டர்தான். அட்டையில் சொன்ன மாதிரி கார்ப் பாதியாகக் குறைந்திருந்தால் இதைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

கம்பெனிக்கு இந்தக் கணக்கை அப்படியே எழுதி, ஆய்வக அறிக்கை கேட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது, கூடவே பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்.

அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறைய வேண்டும் என்பதுதான் 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) என்கிற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வும் சொன்னது. ராகிக் களியை உருட்டி உருட்டி உள்ளே தள்ளுகிற எங்கண்ணனுக்கும் அது பொருந்தும். அதனால் நங்கையிடம் வேண்டாம் என்றேன். பாக்கெட்டின் முன்பக்கத்து 'லோ கார்ப்' எழுத்து செய்கிற நிஜமான கெடுதல் மீட்டரில் இல்லை, தட்டில் இருக்கிறது. 'சக்கரை மாவுதானே' என்று எங்க வீட்டுக்காரரே மூன்றாவது சப்பாத்திக்குக் கை நீட்டுகிறார். ரெண்டில் கிடைத்த கொஞ்ச லாபமும் அதோடு போச்சு.

அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம். ஆனாலும் பாதி விலை இருக்கிற வரைக்கும் நான் வாங்குவேன், டப்பாவுக்கு இந்த மெத்து வேறெதிலும் வரவில்லை. வந்ததும் மாவைப் போசியில் கொட்டிவிட்டு, பாக்கெட்டை அவர் கண்ணில் படுவதற்குள் குப்பையில் போட்டுவிடுகிறேன்.