ஏலத்தில் குதிரையை மீட்பதா, சட்டத்துக்காகப் போராடுவதா?

அமெரிக்காவின் காட்டுக் குதிரைகளுக்கு உதவ நினைக்கிற பலருக்கும் வருகிற குழப்பம் இது: இறைச்சிக்குப் போகவிருக்கும் ஒரு குதிரையை வியாபாரியிடமிருந்து வாங்கிக் காப்பாற்றுவதா, இல்லை அந்தப் பணத்தைக் குதிரைகளைக் காக்கும் சட்டத்துக்காகப் போராடுகிறவர்களுக்குக் கொடுப்பதா?

செலவு
மீட்பு: விலையோடு முடியாது. தீவனம், குளம்பு பராமரிப்பு, மருத்துவம் என்று 20, 25 வருடம்கூடப் போகும்.
சட்டம்: முடிந்ததைக் கொடுக்கலாம். கடிதம் எழுதக் காசே வேண்டாம்.

நீடிக்கும் பலன்
மீட்பு: ஒரு உயிர் பிழைக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த பணத்திலேயே வியாபாரி அடுத்த ஏலத்தில் இன்னொரு குதிரையை எடுக்கலாம், இதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது.
சட்டம்: நெவாடா மாநிலத்தின் வெல்மா ஜான்ஸ்டன் தொடங்கிய போராட்டமும் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் குவித்த கடிதங்களும் சேர்ந்துதான் 1971 காட்டுக் குதிரைப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. இருந்தும் ஓட்டை இருக்கிறது. உள்நாட்டின் கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-இல் மூடப்பட்ட பிறகும் இறைச்சிக்கான குதிரைகளை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதைத் தடுக்கும் மசோதாக்கள் பலமுறை வந்தும் தேங்கிப்போயின.

எளிமை
மீட்பு: பழகாத வளர்ந்த குதிரைக்கு 6 அடி உயர வேலி, அனுபவமுள்ள ஆள், நிறையப் பொறுமை.
சட்டம்: யாராலும் முடியும், ஆனால் பலன் வர வருடக்கணக்காகும்.

நிலமும் அனுபவமும் இருந்தால் குதிரையை எடுங்கள், ஆனால் வியாபாரியிடம் வேண்டாம். அரசின் நில மேலாண்மை அமைப்பிடமே தத்தெடுக்கலாம். மற்ற எல்லோருக்கும் சட்டப் போராட்டம்தான் சரி.