ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஆறு வருஷமாகப் புரட்டியதில்

ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் முதல் 30 இதழ்கள் அடங்கிய தடித்த தொகுப்பை வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த 30-ம் பிறகு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பேப்பரைச் சுற்றி அப்படியே அனுப்பியதில் ஒரு மூலை நசுங்கித்தான் கைக்கு வந்தது. படுத்துக்கொண்டெல்லாம் படிக்க முடியாது. கை நழுவினால் மூக்கு காலி.

1961-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்த தொடர். ரப்பராய் நீளும் விஞ்ஞானி ரீட், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சூ, தீயாய்ப் பறக்கும் அவள் தம்பி ஜானி, பாறை உடம்புக்காரன் பென். முகமூடி கிடையாது. முதல் இரண்டு இதழ்களில் சீருடைகூட இல்லை.

வாங்கிய புதிதில் சண்டைக்காகத்தான் படித்தேன். இப்போது பாதி வில்லன்களின் பெயரே மறந்துபோச்சு, வீட்டுத் தகராறுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. 9-வது இதழில் ரீட் பங்குச் சந்தையில் பணத்தைத் தொலைக்கிறான். கடன்காரர்கள் வாசலில். நான்கு பேரும் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, பரம எதிரி நேமோர் தயாரிக்கும் சினிமாவில் நடிக்கப் போகிறார்கள்! வாடகைக்குத் திண்டாடும் சூப்பர் ஹீரோவை முதன்முதலில் பார்த்தபோது சிரித்தேன். போன வருஷம் வீடு மாறிய சமயத்தில் மறுபடி எடுத்தேன், அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

உறுத்துகிற விஷயமும் உண்டு. சூவால் குழுவுக்கு என்ன பிரயோஜனம் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். 11-வது இதழில் அதற்குப் பதில் சொல்ல வரும் ரீட், லிங்கனின் அம்மாவை உதாரணம் காட்டுகிறான். கண்ணுக்குத் தெரியாத கவசச் சுவரெல்லாம் அவளுக்கு 22-வது இதழில்தான் கிடைக்கிறது. அதுவரை பல இடங்களில் மயங்கி விழுவதும் பிடிபடுவதும்தான் அவள் வேலை. என் மகள் அந்த இதழ்களை இரண்டு பக்கத்தில் மூடி வைத்துவிட்டாள்.

படம் என்று பார்த்தால் 44-வது இதழிலிருந்துதான் விருந்து. கிர்பியின் பென்சில் கோடுகள் மேல் மை போட ஜோ சின்னாட் நிரந்தரமாக வந்த பிறகு, ஆரம்பத்தில் பிசைந்த களிமண்ணாகத் தெரிந்த பென்னின் உடம்பில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது.

உலகையே விழுங்க வரும் கலாக்டஸின் கதை 48-ல் தொடங்கி 50-ல் முடிகிறது, அதுவும் இதழின் பாதியிலேயே. மிச்சப் பக்கங்களில் ஜானி கல்லூரிக்குப் போகிறான். காதலி அலிசியாவின் மனம் கலாக்டஸின் தூதனாக வந்த சில்வர் சர்ஃபரிடம் போய்விட்டது என்று தப்பாக எண்ணி பென் வெளியேறுகிறான். 51-ஐத் திறந்தால் முழுப் பக்கத்துக்கு மழை, நடுவில் நனைந்தபடி அவன். முகத்தில் கற்கள்தான், ஆனாலும் அழுகிறானோ என்று ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்க்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்கள் 44-லிருந்து தொடங்குங்கள். பழசு பிறகு தானாகப் பிடிக்கும்.